கிழக்கே சரியும் நகரம்

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஓடுகிறது. நகரத்தின் தரையோ ஆற்றுப் பக்கம் சாயாமல் கிழக்கே சரிகிறது. வண்டல் சுமந்து வரும் ஆறு, வெள்ளம் வரும்போதெல்லாம் தன் கரையிலேயே மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொள்ளும். கரையை விட்டு விலக விலகப் பள்ளம். ஆகவே ஹூக்ளிக் கரையில் எழும்பிய இந்த நகரத்தில் பெய்கிற மழையும், கழுவி ஊற்றுகிற நீரும், கழிப்பறைத் தண்ணீரும் கிழக்குப் பார்த்தே போயாக வேண்டும். போய்ச் சேரும் பள்ளத்தில் 12,500 ஹெக்டேர் பரப்பில் மீன்குளங்களும் காய்கறி நிலங்களும் நெல்வயல்களும் விரிந்து கிடக்கின்றன. நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல் நகரத்திலிருந்து கழிவுநீர் வருகிறது. அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீனும் கீரையும் அரிசியும் நகரத்துக்கே திரும்ப அனுப்புகிறார்கள் அங்கே இருப்பவர்கள். 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த இடத்துக்குக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்று பெயர்.

நான் சென்னையில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலை படிக்கிறேன். கழிவுநீர் சுத்திகரிப்புதான் பாடம். விடுதி மொட்டை மாடியில் நண்பர்களோடு சேர்ந்து கத்தரியும் வெண்டையும் தண்டுக்கீரையும் வளர்ப்பது, பாடத்துக்கு வெளியே பிடித்துப்போன வேலை. பகலில் சாக்கடை நீரிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எப்படி நீக்குவது என்று கணக்குப் போடுவேன். சாயங்காலம் மாடிக்குப் போனால் அதே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் காசு கொடுத்து வாங்கிய உரமாகத் தென்னை நார்க் கழிவு நிரப்பிய பைகளில் இடுவேன். ஓர் ஊர் ஒரு கையால் தூக்கி எறிவதை மறு கையால் விலைக்கு வாங்குகிறது என்று ஒருமுறை தோன்றிய பிறகு, அந்த எண்ணம் விடவேயில்லை. எறிவதையும் விளைவதையும் இணைத்து ஒரு பெருநகரம் எங்காவது பிழைக்கிறதா என்று தேடினேன். பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி கொல்கத்தாவைச் சொன்னது. செமஸ்டர் முடிந்த ஜனவரியில் ஹௌரா மெயிலில் ஏறினேன்.

கொல்கத்தாவின் சயின்ஸ் சிட்டியில் பேருந்தை விட்டு இறங்கி, பாசந்தி நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினோம். கூட வந்தவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் வங்காளி நண்பர்; மொழிபெயர்ப்பாளர், வழித்துணை எல்லாம் அவரே. பைபாஸ் சாலையோரத்து மருத்துவமனைகளும் நட்சத்திர விடுதிகளும் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நிற்க, சாலையை ஒட்டிக் கால்வாய் வந்தது. கறுத்த தண்ணீர், மேலே திட்டுத் திட்டாக நுரை, மூக்கை மூடவைக்கும் வாடை. மழை வெள்ளத்துக்கு ஒரு கால்வாய், அன்றாடக் கழிவுநீருக்கு ஒரு கால்வாய் என்று இரண்டு. நகரத்துக்குள் இருக்கும் நீரேற்று நிலையங்கள் கழிவுநீரை மேலேற்றி இந்த இரண்டாவது கால்வாயில் விடுகின்றன. பான்தலாவில் மதகு வைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். மட்டம் உயர்ந்தால் கிளை வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் தானே குளங்களுக்குப் பாயும். மட்டம் இறங்கினால் கடைசிக் குளத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். காவிரிக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீன்குளத்தை இங்கே 'பேரி' என்கிறார்கள். நாங்கள் போனது தொழிலாளர்கள் கூட்டுறவாக நடத்தும் ஒரு பேரி. குளம் என்று சொல்வது வழக்கத்துக்காக; எதிர்க்கரை கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகலம். ஆனால் ஆழம் இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு, அவ்வளவுதான். கரையை ஒட்டி ஆகாயத்தாமரையை மூங்கில் கழிகளால் தடுத்து ஒரு பட்டையாக நிறுத்தியிருந்தார்கள். சென்னையில் ஏரிகளை மூச்சுத் திணறவைக்கும் அதே செடி இங்கே வேலைக்காரச் செடி: அலை அடித்துக் கரை கரையாமல் காக்கிறது, வெயிலில் மீனுக்கு நிழல் தருகிறது, தண்ணீரில் கலந்து வரும் உலோகங்களில் கொஞ்சத்தை வேரில் பிடித்துவைக்கிறது. சாலையோரத்தில் அடித்த வாடை இங்கே அறவே இல்லை. அதே தண்ணீர்தான், சில வாரங்கள் வயதானது.

குளத்துப் பொறுப்பில் இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். நண்பர் அவரை 'காக்கு' என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். சிறு வயதிலேயே அப்பாவோடு வலை இழுக்க வந்தவராம். என் பையில் இருந்த கையடக்க ஆக்சிஜன் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சொல்லும்?" என்றார். தண்ணீரில் மீன் சுவாசிக்க எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லும் என்றேன். "காலையில விடியறதுக்கு முன்னாடி வா. இது சொல்றதையும் பார்ப்போம், மீன் சொல்றதையும் பார்ப்போம்" என்றார்.

அன்று இரவு கரையில் இருந்த காவல் கொட்டகையிலேயே தங்கினோம். மீன் திருட்டுக்குப் பயந்து எல்லாப் பேரியிலும் இரவுக் காவல் உண்டு. பனி இறங்கி, டார்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. காக்கு கரையோரமாக நடந்து, ஓரிடத்தில் நின்று காட்டினார். தண்ணீரின் மேற்பரப்பில் சின்னச் சின்ன வளையங்கள். ரோகுவும் வெள்ளிக் கெண்டையும் வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீட்டரைத் தண்ணீரில் விட்டேன். முந்தின நாள் மதியம் காட்டிய அளவில் பாதிகூட இல்லை.

காரணம் எளிது. பாக்டீரியா கழிவைத் தின்று சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. கழிவு சிதைந்து வரும் சத்தை எடுத்துக்கொண்டு தானும் பெருகுகிறது. பெருகும் பாசியை மீன் மேய்கிறது. மீன் மேயாவிட்டால் பாசி மண்டி, செத்து, அழுகிக் குளத்தையே கெடுத்துவிடும். குளம் ஆழமில்லாமல் இருப்பதன் காரணமும் இதுவே: வெயில் அடிவரை இறங்க வேண்டும். இரவில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சுவதால், விடியலுக்குச் சற்று முன்தான் குளத்தில் காற்று மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் எத்தனை மீன் மேலே வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆள் கிட்டே போனால் உடனே உள்ளே போகிறதா என்பதை வைத்து அன்று மதகைத் திறப்பதா மூடுவதா என்று காக்கு முடிவு செய்கிறார். அன்று மூடச் சொன்னார். "பச்சையா இருந்த தண்ணி பழுப்பாப் போனா அப்பவே நிறுத்திடணும். வெளுத்துப்போனா மீனுக்குப் பசி, கொஞ்சம் விடணும்" என்றார். என் மீட்டர் ஒரு நேரத்துக்கு ஒரு எண்ணைத்தான் தந்தது. அவர் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூன்று நான்கு நாட்களின் கதையைப் படித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் படிக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் இதே பாக்டீரியாவுக்கு இதே ஆக்சிஜனை ஊதுகுழல் எந்திரங்கள் இரவு பகலாகக் கொடுக்கின்றன. நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. இங்கே வெயில் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

வெளிச்சம் வருவதற்குள் வலை இறங்கிவிட்டது. தலையில் துண்டைக் கட்டிய ஆட்கள் வரிசையாக மார்பளவு நீரில் நின்று, ஒரே குரலில் ஓசை கொடுத்து வலையை வளைத்து இழுத்தார்கள். ஜனவரிக் குளிரில் அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற உடம்புகளைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பதே சங்கடமாக இருந்தது. வலை சுருங்கச் சுருங்கக் கட்லாவும் ரோகுவும் துள்ளின. எடை குறைந்தவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். மற்றவை தண்ணீர் நிரப்பிய அலுமினிய அண்டாக்களுக்குப் போயின. மூன்று சக்கர வண்டியில் அண்டாவை ஏற்றியதும் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்ட ஆரம்பித்தான். தட்டினால் தண்ணீரில் காற்று கலக்கும். காற்று கலந்தால் மீன் உயிரோடு போய்ச் சேரும். உயிருள்ள மீனுக்குத்தான் நல்ல விலை. சந்தை வரை அந்தக் கை நிற்கவில்லை. ஏலம் முடிந்து காலைக் கடைகள் திறக்கும் முன்பே மீன் நகரத்துக்குள் போய்விடுகிறது. ஐஸ் கிடையாது, குளிர்சாதன லாரி கிடையாது. இந்த ஈரநிலத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வங்காளி வீட்டில் மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. அந்த மீன் ஏழை வாங்கும் விலையில் கிடைப்பதற்கு இந்தப் பேரிகள் ஒரு பெரிய காரணம்.

பக்கத்துக் குளம் வற்றிக் கிடந்தது. குளிர்காலத்தில் ஒவ்வொரு குளமாக நீரை வடித்துக் காயவிடுவார்கள். அடியில் படிந்த சேற்றை வெட்டிக் கரையில் போட்டுக் கரையைப் பலப்படுத்துகிறார்கள். பிறகு உழுது, சுண்ணாம்பு தூவி, வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் கழிவுநீர். உள்ளே விட்டு இரண்டு மூன்று வாரம் எதுவும் செய்யாமல் வெயிலில் வைப்பார்கள்; தண்ணீர் பச்சை பிடித்ததும் கொஞ்சம் குஞ்சுகளை மட்டும் விட்டுப் பார்ப்பார்கள்; அவை பிழைத்தால்தான் முழு அளவில் குஞ்சு விடுவது. குளத்திலிருந்து வடியும் நீர் கீழே நெல்வயலுக்குப் போகிறது. போரோ என்ற குளிர்கால நடவு நெல்லை நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒரே தண்ணீர் நகரத்தில் குளித்து, குளத்தில் மீனாகி, வயலில் நெல்லாகி, கடைசியில் குல்டி ஆற்றுக்குப் போகிறது.

இந்த ஏற்பாட்டை எந்த நிபுணர் குழுவும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. ஒரு காலத்தில் இங்கே இருந்தவை கடல் ஏற்றத்தில் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் ஏரிகள். கொடுவாயும் மடவையும் பிடிபட்ட இடம். உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்த வித்யாதரி ஆறு தூர்ந்துபோய், 1928-இல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. உப்புநீர் நின்றதும் ஏரிக்காரர்களுக்குப் பிழைப்பு போனது. எஞ்சியிருந்தது நகரத்துச் சாக்கடை மட்டும். 1930 வாக்கில் சிலர் அதைக் குளத்தில் விட்டு நன்னீர் மீன் வளர்த்துப் பார்த்தார்கள். பலித்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது, எந்த மீன் தாங்கும், எது தாங்காது என்பதெல்லாம் கை பழகிப் பழகி வந்த அறிவு.

அந்த அறிவை வெளியுலகம் பார்க்கும்படி செய்தவர் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பொறியாளர். 1980களின் தொடக்கத்தில், இவ்வளவு பெரிய நகரத்தின் கழிவுநீர் எங்கேதான் போகிறது என்று தெரிந்துகொள்ளக் கால்வாயைத் தொடர்ந்து கிழக்கே நடந்தவர், இந்தக் குளங்களைக் கண்டார். பிறகு வாழ்நாள் முழுக்க இதுவே அவர் வேலை. எல்லை குறித்து வரைபடம் போட்டார், அரசிடம் வாதாடினார், மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1990-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. 2018-இல் காலமானார். சுத்திகரிப்பைப் பாடமாகப் படித்த ஒருவர், படிக்காதவர்களின் குளத்தங்கரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு எனக்கு வேறு முன்மாதிரி வேண்டியிருக்கவில்லை. காக்குவும் அவரைப் பார்த்திருக்கிறார். "கோஷ் பாபு நிறைய கேள்வி கேப்பார், பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருப்பார்" என்றார். ஓர் ஆய்வாளரைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியுமா?

அடுத்து தாபா. கொல்கத்தாவின் குப்பை வந்து சேரும் இடம். குப்பை மலை ஒரு பக்கம் புகைந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே பட்டை பட்டையாகக் காலிஃபிளவரும் முள்ளங்கியும் பாலக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே மாநகராட்சி இங்கே குப்பையைக் கொட்டத் தொடங்கி, மக்கிய நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கும் விட்டிருக்கிறது. ஈரநிலத்தில் 600 ஹெக்டேர் அளவுக்குக் குப்பை மண்ணில் காய்கறி விளைகிறது. தாபா காலிஃபிளவர் என்று பேர் சொல்லியே கொல்கத்தாவில் வாங்குகிறார்கள். பெண்கள் குந்தி உட்கார்ந்து பாலக்கைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் கொட்டினார். கறுப்பு மண், பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்து முடிந்ததும் கையில் மிஞ்சியது ஷாம்பு பாக்கெட் துண்டு ஒன்று, கண்ணாடிச் சில்லு ஒன்று, மருந்து மாத்திரை அட்டை ஒன்று. "மாமியார் காலத்துக் குப்பையில சாம்பலும் தோலும் சாணியும்தான் இருக்குமாம். இப்ப பொறுக்கிப் போட்டே நேரம் போகுது" என்றார்.

இதை மறைத்து எழுதக் கூடாது. தாபாக் காய்கறியிலும் மண்ணிலும் ஈயமும் கேட்மியமும் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் கால்வாயில் கலந்திருக்கிறது. குளத்தின் வயிறு சமையலறைக் கழிவையும் கழிப்பறைக் கழிவையும் செரிக்கும், குரோமியத்தைச் செரிக்காது. அதனால் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர் பாலக்குக் கட்டும் அந்த அம்மா இல்லை. ஆலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்கவிட்டவர்களும், குப்பையைப் பிரிக்காமல் கொட்டுகிறவர்களும்தான். பிரித்துக் கொடுத்தால் இந்த நிலம் இன்னும் நூறு ஆண்டு விளையும்.

நிலம் இருந்தால்தான். இன்றைக்குச் சால்ட் லேக் என்று பெரிய மனிதர்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதி, 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியாக அடித்துத் தூர்த்த ஈரநிலம். மிச்சத்தில் உலக வர்த்தக மையம் கட்டும் யோசனை வந்தபோது 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1992-இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2006-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் சாலையோரத்தில் மதில் எழும்பிய மனைகளையும், பிளாஸ்டிக் உருக்கும் கொட்டகைகளையும் நான் பார்த்தேன். தூர்ப்பது எளிது என்று நண்பர் விளக்கினார்: முதலில் குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபடும், தண்ணீர் வராத குளம் நஷ்டப்படும், நஷ்டப்பட்ட குளம் சும்மா கிடக்கும், சும்மா கிடக்கும் நிலத்தின் மேல் யாராவது லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். எல்லாம் இரவில்.

நகர வேளாண்மை என்று பேசினால் எங்கள் கல்லூரிக் கருத்தரங்குகளில் மாடித்தோட்டமும், விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காக வளரும் கீரையும் வரும். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாடிக் கத்தரிக்காயின் ருசி எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நகரம் உண்மையிலேயே தன் உணவில் ஒரு பங்கை விளைவித்துக்கொள்ள வேண்டுமானால், அதற்குத் தாழ்வான நிலம் வேண்டும், நிற்காத வாய்க்கால் வேண்டும், மதகில் கைவைக்க உரிமையுள்ள உழைப்பாளிகள் வேண்டும். இந்த மூன்றையும் கருவி வாங்கி ஈடுகட்ட முடியாது. சென்னையில் தாழ்வான நிலத்துக்குப் பஞ்சமில்லை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் மேலேயே பெருங்குடிக் குப்பையைக் கொட்டினோம், மிச்சத்தில் கட்டடம் கட்டினோம். அங்கே காக்கு மாதிரி ஒருவருக்கு நாம் இடமே வைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஆய்வுத் தலைப்பை இந்தக் குளங்களுக்கு மாற்றித் தரும்படி வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டேன். பழைய தலைப்பு ஊதுகுழல் எந்திரங்களில் மின்சாரத்தை மிச்சம்பிடிப்பது பற்றியது. வேலைவாய்ப்பு உள்ள துறை. அவர் யோசித்தார். மீனவர் பார்வையில் தண்ணீர் பச்சை என்றால், பழுப்பு என்றால், அதை அளவாக எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். அதையேதான் ஆய்வாகச் செய்யப் போகிறேன் என்றேன். அனுமதி கிடைத்தது.

இப்போது மாதம்தோறும் அந்தப் பேரியிலிருந்து பதிவுகள் வருகின்றன. எந்த நாள் எவ்வளவு நேரம் மதகு திறந்தது, விடியலில் மீன் மேலே வந்ததா, தண்ணீர் என்ன நிறம் என்று காக்குவின் பேத்தி ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறாள். பள்ளி விடுமுறையில் மீட்டர் அளவும் சேர்த்து எழுதுகிறாள். நண்பர் வங்க மொழியிலிருந்து மாற்றித் தர, நான் வரைபடம் போடுகிறேன். மதகு திறந்தும் தண்ணீர் ஏறாத நாட்கள் அதில் தனியாகத் தெரிகின்றன; கோடையில் அவை கூடுகின்றன. கால்வாய் தூர்ந்திருப்பதுதான் காரணம் என்று கூட்டுறவுக்காரர்கள் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கையில் தேதி போட்ட கணக்கு மட்டும் இல்லாமல் இருந்தது. ஆய்வேடு முடியும் வரை காத்திருக்க முடியாது, தண்ணீர் ஏறாத நாட்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் வங்க மொழியில் முதலில் எழுதிக் கொடு, தூர் வாரச் சொல்லி நீர்ப்பாசனத் துறைக்கு மனு போடுவதற்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மழைக்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.